தளத்துக்குப் பணம் வாங்கியாயிற்று, தளம் மட்டும் வரவில்லை

கடலூர் கோண்டூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய கீழ்வீட்டின் மேல் 900 சதுர அடிக்கு மாடி எடுக்கிறார். மெட்டீரியலோடு சதுர அடி 2,150 ரூபாய், மொத்தம் 19,35,000 என்று 2024 ஆனியில் ஒப்பந்தம். கையெழுத்தன்று 3 லட்சம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்திரம்) மட்டத்தில் 4 லட்சம், 'தளம் போடும் முன்' 5.5 லட்சம் என்று மூன்று தவணையில் 12.5 லட்சம் போய்விட்டது. செப்டம்பர் 30-க்குள் தளம், அதாவது கான்கிரீட் கூரை, போட்டுவிட வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. சுவர் எழும்பியது, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகையும் முட்டும்) பாதி அடித்தார்கள், கம்பி கொஞ்சம் கட்டினார்கள், அதோடு நின்றது. இப்போது மாசி. காண்ட்ராக்டர் புதுச்சேரிக்காரர், மழை, ஃபெஞ்சல் புயல், ஆள் இல்லை, எம் சாண்ட் (ஆலையில் அரைத்த மணல்) விலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். மொட்டை மாடியில் பதித்திருந்த ஓடுகளை (தட்டோடு) பெயர்த்துவிட்டதால் கார்த்திகை மழையில் கீழ்வீடு முழுக்க ஒழுகி, குடும்பம் செம்மண்டலத்தில் மாதம் 9,000 வாடகைக்குப் போயிருக்கிறது. போலீசுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா என்று கேட்கிறார்.

ஆனால் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறார்: மேஸ்திரி தனியாக வந்து "காசை என்கிட்ட குடுங்க சார், பத்து நாள்ல தளம் போட்டுத் தர்றேன்" என்கிறாராம். உண்மையான கேள்வி அதுதான். இந்த ஆளை விலக்கிவிட்டு வேறு ஆளை வைத்துத் தளம் போடலாமா, போட்டால் கொடுத்த பணத்தைக் கேட்கும் உரிமை போய்விடுமா? போடலாம், உரிமை போகாது. ஆனால் அதற்குமுன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. வரிசை மாறினால் கையைக் கடிக்கும்.

நான் சிவில் இன்ஜினியர். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கட்டட மதிப்பீடு செய்கிறேன். நுகர்வோர் வழக்குகளில், இடத்தைப் பார்வையிட நியமிக்கப்படும் வழக்கறிஞர் ஆணையர் கூடப் போய் அளவெடுத்துக் கொடுத்த அனுபவம் உண்டு. வக்கீல் இல்லை. கீழே சட்டம் பற்றிச் சொல்வது அந்த வழக்குகளில் உட்கார்ந்து கேட்டுப் படித்தது. நோட்டீஸையும் மனுவையும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டே அனுப்புங்கள். கட்டடம் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் காண்ட்ராக்டர் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம், ஏனென்றால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்திலும் இவற்றைத்தான் சொல்வார். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி நம் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. வேலையாட்களின் வீடே மூழ்கிக் கிடந்தபோது சென்ட்ரிங் அடிக்க வா என்று யாரையும் கூப்பிட முடியாது. டிசம்பர் மாதத்தை அவருக்குத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். ஆனால் தளம் போட்டிருக்க வேண்டிய நாள் செப்டம்பர் 30. புயல் வந்தபோது அவர் ஏற்கெனவே இரண்டு மாதம் பிந்தியிருந்தார். சொன்ன நாளில் தளம் போட்டிருந்தால் ஃபெஞ்சல் மழை அந்தத் தளத்தின் மேல்தான் பெய்திருக்கும், உங்கள் படுக்கையறையில் அல்ல. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனியில் கையெழுத்துப் போட்டவருக்கு வடகிழக்குப் பருவமழை திடீர்ச் செய்தி இல்லை. எம் சாண்ட் விலையும் அப்படித்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தத்தில், விலை ஏறினால் சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதாதவரை, ஏற்றமும் இறக்கமும் அவர் தலையில். 'ஆள் இல்லை' என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கும். கூலி பாக்கி வைத்தால் ஆள் வரமாட்டான். மேஸ்திரி தனியாக உங்களைத் தேடி வருவதே அதற்கு அடையாளம்.

உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். சின்ன காண்ட்ராக்டர் ஒரே நேரத்தில் நான்கைந்து சைட் வைத்திருப்பார். உங்கள் தளத் தவணை கைக்கு வந்த அன்று வேறொரு சைட்டில் டைல்ஸ்காரர் கழுத்தைப் பிடித்திருப்பார். பணம் அங்கே போகும். உங்கள் தளத்துக்கு அடுத்த சைட்டின் அட்வான்ஸ் வர வேண்டும். அது வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஏமாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் குறைவு, உருட்டுகிறவர்கள்தான் அதிகம். உங்களுக்கு இரண்டும் ஒரே வலிதான், ஆனால் சட்டத்தில் இரண்டும் வேறு. ஒப்பந்தத்தை மீறுவது வேறு, மோசடி வேறு. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இங்கே சுவர் எழும்பியிருக்கிறது, கம்பி வந்திருக்கிறது. அதனால் போலீசில் கொடுத்தால் பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர் 'அடுத்த திங்கள்' என்று எழுதிக் கொடுப்பார், திங்களன்று இரண்டு பேர் வந்து நான்கு முட்டுக் கம்புகளை நட்டுவிட்டுப் போவார்கள். அதற்குமேல் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஆள் ஒரே மாதிரி பல பேரிடம் வாங்கிக்கொண்டு எந்த சைட்டிலும் கல் வைக்கவில்லை என்று தெரிந்தால் கதை வேறு.

இதைச் சொல்லும் நானும் ஏமாந்தவன்தான். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது என் வீட்டுப் பின்கட்டின் கல்நார் ஷீட் அத்தனையும் போயிற்று. ஊர் முழுக்க ஷீட்டுக்கு அடிதடி. நான் முழு ஷீட் பணத்தையும் முன்கூட்டியே ஒருவரிடம் கொடுத்தேன். ஷீட் வந்தது, என் வாசலில் இறங்கியது, மறுநாள் 'அவசரம் சார், ரெண்டு நாள்ல திருப்பி இறக்கறேன்' என்று வேறு வீட்டுக்கு ஏறியது. என் கூரை மூடியது ஐந்து மாதம் கழித்து. அதுவரை அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் ஒப்பந்தங்களில் தவணைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

சரி, இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நோட்டீசுக்கும் முன்னால் அளவெடுங்கள். இதை விட்டுவிட்டு வழக்குக்குப் போனவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம் நொந்தவர்கள். 'பன்னிரண்டரை லட்சம் கொடுத்தேன், வேலையே நடக்கவில்லை' என்று ஒருவர் சொல்வார். 'பதினான்கு லட்சத்துக்கு வேலை செய்துவிட்டேன்' என்று மற்றவர் சொல்வார். அதற்குள் புது ஆள் வந்து தளமும் பூச்சும் முடித்திருப்பார். யார் கட்டியது எது என்று பிறகு போகும் என்னைப் போன்றவனால் சொல்ல முடியாது. அதனால் காண்ட்ராக்டருக்கு ஒரு கடிதம்: இன்ன தேதி காலை இத்தனை மணிக்கு, ஒரு வாரம் அவகாசம் விட்டு, இன்ன இன்ஜினியரை வைத்து சைட்டில் அளவெடுக்கப் போகிறேன், நீங்களும் வந்து கையெழுத்திடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலோடு ஸ்பீட் போஸ்ட், அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும். அவர் வராவிட்டாலும் அழைத்தீர்கள் என்பது பதிவாகிவிடும். உள்ளாட்சியில் பதிவு பெற்ற இன்ஜினியரோ மதிப்பீட்டாளரோ ஒருவர், உங்களுக்கும் அவருக்கும் உறவில்லாதவராக இருக்கட்டும். சுவரின் நீளம், கனம், உயரம், லிண்டல், சன்ஷேட், கட்டிய கம்பி எத்தனை கிலோ, கட்டாமல் கிடக்கும் கம்பி எத்தனை, சிமெண்ட் மூட்டை, ஜல்லி, எம் சாண்ட் எல்லாம் எழுதி, தேதி விழும் போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள்.

அந்த அறிக்கை எந்த எண்ணில் முடியும் என்று சைட்டைப் பார்க்காமல் நான் சொன்னால் அது ஜோசியம். ஒரு குத்துமதிப்பு மட்டும் தரலாம். கீழே அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கும் மாடி வேலையில், தளத்துக்கு அடிமட்டம் வரை சுவரும் லிண்டலும் சன்ஷேடும் முடிந்தால் மொத்த மதிப்பில் ஏறக்குறைய 30 முதல் 35 சதவீதம் என்பது என் கணக்கு. உங்கள் 19.35 லட்சத்தில் அது 5.8 முதல் 6.8 லட்சம். கம்பியும் பாதி சென்ட்ரிங்கும் சேர்த்து இன்னும் ஒரு லட்சம் போடுங்கள். அப்படியானால் ஏறக்குறைய 5 லட்சம் உங்கள் பணம் வேலையாக மாறாமல் அவரிடம் நிற்கிறது. நிஜ எண் இதற்கு மேலோ கீழோ இருக்கலாம். எவ்வளவாக இருந்தாலும் உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த எண்தான்.

அளவெடுக்கும்போதே கம்பியையும் பார்த்துவிடுங்கள். ஐப்பசியிலிருந்து கடல் காற்றில் மழையில் நிற்கும் கம்பி. மேலே செம்மண் பூசினாற்போல் துரு இருந்தால் பயமில்லை, கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் போடலாம். செதில் செதிலாக உதிர்ந்தால் கவலைப்பட வேண்டும். எளிய சோதனை உண்டு: 8 எம்.எம். கம்பியில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, துருவைத் தேய்த்துவிட்டு, மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 395 கிராம் இருக்க வேண்டும். 10 எம்.எம். என்றால் 617 கிராம். 8 எம்.எம்.மில் 365-க்குக் கீழே இறங்கினால் இன்ஜினியர் பார்க்காமல் அந்தக் கம்பி தளத்துக்குள் போகக் கூடாது. செப்டம்பரில் இறக்கிய சிமெண்ட் மூட்டை மிச்சம் இருந்தால், 3 மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் கான்கிரீட்டுக்கு எடுக்கக் கூடாது, திட்டுக்குப் பூசிக்கொள்ளட்டும். சவுக்கு முட்டுகள் நான்கு மாதம் ஈரத்தில் நின்றிருக்கின்றன. அடி உளுத்திருக்கும். யார் தளம் போட்டாலும் சென்ட்ரிங்கை முழுதாகப் பிரித்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். பாதி பழசு பாதி புதுசு முட்டின் மேல் கான்கிரீட் கொட்டுவதைப் போல் ஆபத்து வேறில்லை.

இடையில் ஒன்று. ஒப்பந்தத்தில் எம் 20 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்) என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 அதைச் சாதாரணச் சூழலுக்குத்தான் குறைந்தபட்சமாக வைக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்று நேரடியாகப் படாத மறைவான இடத்துக்கே எம் 25, நேரடியாகப் படும் இடத்துக்கு எம் 30. எப்படியும் புதிதாகப் பேசத்தானே போகிறீர்கள், இதையும் பேசிவிடுங்கள்.

அளவு கையில் வந்ததும் நோட்டீஸ். இதில் இரண்டு சட்ட நுணுக்கங்கள் பலருக்குத் தெரிவதில்லை, இரண்டும் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவைச் சுற்றியே வருகின்றன. ஒப்பந்தத்தில் தேதி எழுதியிருந்தாலும், கட்டட வேலையில் அந்தத் தேதி உயிர்நாடியானது என்று நீதிமன்றங்கள் தானாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் அக்டோபரிலிருந்து 'சரி, சீக்கிரம் பாருங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அதனால் இன்று திடீரென்று 'தேதி தாண்டிவிட்டது, நீ போ' என்றால் வாதம் பலவீனமாகும். நோட்டீஸில் நியாயமான ஒரு புதுத் தேதி கொடுங்கள். இந்த வேலைக்கு 21 நாள் போதும். அந்தத் தேதிக்குள் தளம் போடாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறு ஆளை வைத்து முடிப்பேன், கூடுதல் செலவு உங்களைச் சேரும் என்று தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவது இதைவிட முக்கியம். நோட்டீஸ் பார்த்ததும் அவர் ஓடி வந்து தளம் போட்டுவிட்டால்? தாமதமான வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்போது, தாமதத்துக்கான இழப்பீட்டைக் கேட்கப் போகிறேன் என்று அந்த நேரத்திலேயே தெரிவிக்காவிட்டால், பிறகு கேட்க முடியாது என்கிறது அதே பிரிவு. தளம் வந்துவிட்ட சந்தோஷத்தில் கைகுலுக்கிவிட்டு ஆறு மாதம் கழித்து வாடகையைக் கேட்டால் இந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பார். 'தாமத இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் வேலையைத் தொடர அனுமதிக்கிறேன்' என்ற ஒரு வாக்கியம் நோட்டீஸிலும், அவர் வேலையைத் தொடங்கும் அன்று வாட்ஸ்அப்பிலும் இருக்கட்டும்.

இழப்பீட்டில் எதெல்லாம் நிற்கும்? வேலையாக மாறாத பணம் உறுதியாக நிற்கும். வேறு ஆளுக்கு நியாயமான ரேட்டில் கூடுதலாகக் கொடுத்ததும் நிற்கும். வாடகையும் பெரும்பாலும் நிற்கும், ஏனென்றால் தளம் இல்லாவிட்டால் கீழே குடியிருக்க முடியாது என்பது தட்டோட்டைப் பெயர்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்டோபர் முதலா, டிசம்பரைக் கழித்தா என்பது விவாதத்துக்குரியது. ஒழுகி நாசமான பீரோ, மெத்தைக்குப் பில்லோ போட்டோவோ இல்லாவிட்டால் முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மன உளைச்சலுக்கு ஆணையம் கொடுக்கும் தொகை ஆளுக்கு ஆள் மாறும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று: இழப்பைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்றும் சட்டம் கேட்கும். பெயர்த்த மொட்டை மாடியை இப்போதே தார்ப்பாயோ தற்காலிகப் பூச்சோ போட்டு மூடுங்கள், பில்லை வையுங்கள். வரும் கோடை மழைக்கும் ஒழுகவிட்டுவிட்டு அதையும் அவர் கணக்கில் எழுத முடியாது.

எங்கே போவது என்றால் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது 'சேவை' என்பது 2019 சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அது மனை, அடுக்குமாடி விற்பவர்களுக்கானது. காண்ட்ராக்டர் புதுச்சேரிக்காரர் என்பதால் அங்கே அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே, தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்; உங்கள் 12.5 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் ஆன்லைனிலும் போடலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள், சில நேரம் அந்த ஒரு போனிலேயே ஆள் இறங்கி வருவார். ஆணையம் 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நிறைய நீளும். அதனால்தான் தீர்ப்பு வரும் வரை தளத்தை நிறுத்தி வைக்காதீர்கள் என்கிறேன். அளவு அறிக்கை கையில் இருந்தால் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

மேஸ்திரிக்கு வருவோம். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கூலி பாக்கிக்காரர், வேலையும் தெரிந்தவர், சைட்டும் அவருக்குத் தெரியும். ஆனால் நோட்டீஸ் தேதி முடிவதற்குள் அவரிடம் ஒரு ரூபாய் கொடுத்தாலும், 'என் ஆளைக் கலைத்து என்னை வெளியே தள்ளினார்' என்று காண்ட்ராக்டர் சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். 21 நாள் முடியட்டும். முடிந்ததும், ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு வரி கடிதம். பிறகு மேஸ்திரியை லேபர் காண்ட்ராக்டாக மட்டும் எடுங்கள்; கம்பி, சிமெண்ட், ஜல்லியை நீங்களே கடையில் வாங்கிப் பில் உங்கள் பெயரில் போடுங்கள். மேற்பார்வைக்கு அளவெடுத்த இன்ஜினியரையே வைக்கலாம். காண்ட்ராக்டருடைய சென்ட்ரிங் பலகைகளைப் பூட்டி வைத்து மிரட்ட வேண்டாம், அது உங்கள் மேல் புகாராகத் திரும்பும். எண்ணிக் கொடுத்து, வாங்கியதாகக் கையெழுத்து வாங்குங்கள். சைட்டில் கிடக்கும் கம்பியும் ஜல்லியும் யாருடையவை என்பதுதான் இதில் இழுபறியான விஷயம். கட்டடத்தில் பதியும் வரை பொருள் காண்ட்ராக்டருடையது என்பார்கள். நீங்கள் கொடுத்த தவணையில் வாங்கியது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. அளவு அறிக்கையில் விலை போட்டுக் கணக்கில் கழித்துவிடுவது சண்டை குறைந்த வழி.

ஒருவேளை 21 நாளுக்குள் காண்ட்ராக்டரே வந்து தளம் போட்டுத் தருகிறேன் என்றால், விடுங்கள், போடட்டும். வேலை தெரிந்தவர் என்றுதானே முதலில் பிடித்தீர்கள். கான்கிரீட் போட்டபின் பாத்தி கட்டி 14 நாளாவது தண்ணீர் நிறுத்தச் சொல்லுங்கள், பங்குனி வெயிலில் இது விட்டுப்போனால் வெடிப்பு விழும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கவிடாதீர்கள், அதற்கு மேல் என்றால் 14 நாள். அவரோடு தொடர்வதாக இருந்தால் மீதி 6.85 லட்சத்துக்கான தவணைப் பட்டியலை ஒரு துணைப் பத்திரத்தில் மறுபடி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் 'பூச்சு தொடங்கும் முன்' என்று அவர் எழுதிக் கொண்டு வந்தால் அடித்துவிட்டு 'பூச்சு முடிந்து அளவெடுத்த பின்' என்று போடச் சொல்லுங்கள்.